தீசிஸ், ரிவ்யூ வேலைக்கு மெடிக்கல் லைப்ரரியனிடம் போவதில் உபயோகம் உண்டா? (பெங்களூரு)

நெல்லை_பிஜி
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூருல ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல கம்யூனிட்டி மெடிசின் பிஜி, ரெண்டாம் வருஷம். தீசிஸ் ஒரு பக்கம் ஓடுது. அதோட ஒரு சிஸ்டமாட்டிக் ரிவ்யூவும் (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வு எல்லாத்தையும் முறையாத் தேடித் தொகுக்கிறது) பண்ணிருன்னு கைடு சொல்லிட்டார். தலைப்பு: பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு வாரம் ஒண்ணு கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை, அதான் அந்த நீல மாத்திரை. பொம்பளப் பிள்ளைக ஏன் பாதியிலயே நிறுத்திருதுக?

பப்மெட்ல (மருத்துவப் பேப்பர்களைத் தேடுற தளம்) ஒரு மாதிரி தேடினா நூத்துச் சொச்சம் வருது. ஒரே ஒரு வார்த்தைய மாத்தினா ஆயிரக்கணக்குல கொட்டுது. எத நம்புறது? சீனியர்ஸ் "லைப்ரரி மேடத்தப் போய்ப் பாரு"ங்காங்க. எங்களுக்கு லைப்ரரின்னா ஏசி, எக்ஸாம் நேரத்துல இடம் பிடிக்கிறது, கடைசியில சிமிலாரிட்டி ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்குன்னு அவங்க என்னதான் செய்வாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோரமங்களா_கோபால்
ப்ரோ, 2025 தாண்டியாச்சு. ஏஐ-கிட்ட தலைப்பைக் கொடுத்தா சர்ச் ஸ்ட்ரிங், பேப்பர் லிஸ்ட், சுருக்கம் எல்லாம் அஞ்சு நிமிஷத்துல கையில. லைப்ரரிக்கு டிராஃபிக்ல போய்ட்டு வர நேரத்துல ரிவ்யூவே முடிஞ்சிரும்.

சாந்திநகர்_610
தம்பி, நான் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில்தான் வேலை பார்க்கிறேன், உங்கள் கல்லூரி இல்லை. எண்ணிக்கை அப்படிக் குதிக்கிறது என்றால் கேள்வி இன்னும் பிரிக்கப்படவில்லை என்று அர்த்தம். உங்கள் தலைப்பையே வைத்துச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்துக்கு வளரிளம் பருவம் என்றால் 10 முதல் 19 வயது. பப்மெட்டின் மெஷ் தலைப்புகளில் (பேப்பர்களுக்கு ஒட்டும் நிலையான பொருள் தலைப்புகள்) 'அடோலசென்ட்' என்றால் 13 முதல் 18. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 11 வயதுதான் இருக்கும். அவளைப் பற்றிய பேப்பர் 'சைல்ட்' என்ற தலைப்பில், 6 முதல் 12 வயதுக் கூட்டத்தில் கிடக்கும். நீங்கள் இடது பக்கம் அடோலசென்ட் என்று ஒரு டிக் போட்ட கணத்தில் அவள் காணாமல் போகிறாள். அதோடு, வயது ஃபில்டர் மெஷ்ஷை நம்பித்தான் வேலை செய்கிறது. மெஷ் இன்னும் ஏறாத புதுப் பேப்பர்களும், எப்போதுமே ஏறப்போகாத சிறு ஜர்னல் பேப்பர்களும் அந்த ஒரு டிக்கில் கழன்றுவிடும். நம் நாட்டுப் பள்ளிகளில் செய்த ஆய்வுகள் பலவும் அந்தச் சிறு ஜர்னல்களில்தான் வருகின்றன.

அடுத்து, 'மெடிகேஷன் அட்ஹியரன்ஸ்' என்ற தலைப்பே மெஷ்ஷில் 2009-ல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆய்வுகளை 'பேஷன்ட் கம்ப்ளையன்ஸ்' என்று தேட வேண்டும். ரத்தசோகைக்கு இங்கிலாந்து எழுத்து ஒன்று, அமெரிக்க எழுத்து ஒன்று. சும்மா தட்டினால் பப்மெட் தானே இரண்டையும் பொருத்திக்கொள்ளும், மேற்கோள் குறிக்குள் போட்டால் பொருத்தாது. ஆகவே இரண்டையும் நீங்களே எழுதி நடுவில் 'ஆர்' போட வேண்டும்.

லைப்ரரியன் என்ன செய்வார் என்றால் இதைத்தான் செய்வார். முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டோம். யாரைப் பற்றிய ஆய்வு, எந்த மாத்திரை, பள்ளியில் மட்டுமா ஊரிலும் சேர்த்தா, எதை அளக்கப் போகிறீர்கள் என்று உட்கார்ந்து பேசுவோம். வரும்போது உங்கள் தலைப்பில் கட்டாயம் இருந்தே தீர வேண்டிய நாலைந்து பேப்பர்களைக் கையோடு கொண்டு வாருங்கள். நாங்கள் கட்டிய சர்ச்சில் அவை விழவில்லை என்றால் சர்ச்சைப் பிரித்து மறுபடி கட்டுவோம். பப்மெட்டில் சரியாக வந்த பிறகுதான் எம்பேஸ், சினால், ஸ்கோபஸ் என்று ஒவ்வொரு டேட்டாபேஸின் இலக்கணத்துக்கும் அதை மாற்றி எழுதுவது. பப்மெட்டில் ஓடியதை அப்படியே காப்பி செய்து எம்பேஸில் ஒட்டினால் ஓடாது.

நெல்லை_பிஜி
மேடம், அந்த டிக்கத்தான் போட்டு வச்சிருந்தேன்! 11 வயசுப் பிள்ளைக எல்லாம் வெளிய நிக்குது. எங்க காலேஜ்ல எம்பேஸ் கிடையாது, என்ன பண்ண?

சாந்திநகர்_610
பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் கிடையாது, விலை அப்படி. காக்ரேன் சென்ட்ரல் என்ற தொகுப்பில் எம்பேஸிலிருந்து எடுத்த பதிவுகள் உண்டு, ஆனால் ட்ரையல்கள் மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சர்வேயும் நேர்காணலும் என்பதால் அது பாதி தூரம்தான் வரும். எம்பேஸ் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒரு கோ-ஆத்தர் இருந்தால் அவர் ஓட்டித் தரலாம். அதுவும் இல்லையென்றால் எதைத் தேடவில்லை, ஏன் என்று ரிவ்யூவின் லிமிடேஷனில் எழுதிவிடுங்கள், யாரும் தூக்கில் போட மாட்டார்கள். தேடாததைத் தேடியதாக எழுதுவதுதான் தப்பு. இந்தியத் தீசிஸ் களஞ்சியமான ஷோத்கங்காவையும், ஆர்ஜியுஹெச்எஸ் (ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம்) களஞ்சியத்தில் இருக்கும் எம்டி தீசிஸ்களையும் ஒரு கை பாருங்கள். இந்தத் தலைப்பில் நம் ஊர் வேலை நிறைய அங்கேதான் தூங்குகிறது.

டாக்டர்_வெங்கி
கோபால் சார், நான் குழந்தை மருத்துவர், பிஜி பசங்களுக்குக் கைடு. தேடலை அஞ்சு நிமிஷ வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் வகுப்பில் சொல்வது எலன் ரோச் விஷயம். 2001, ஜான்ஸ் ஹாப்கின்ஸ். ஆஸ்துமா பற்றிய ஆய்வு. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரோச்சுக்கு 24 வயது, அங்கேயே டெக்னீஷியன். நுரையீரல் கெட்டு அந்த ஜூன் 2-ஆம் தேதி இறந்துபோனார்.

ஆய்வாளர் சர்ச் செய்யாமல் இல்லை, பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் பப்மெட் அன்றைக்கு 1966-க்கு முன்னால் போகாது. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று எழுதிய பேப்பர்கள் 1950-களில் வந்தவை. அச்சு இண்டெக்ஸைப் புரட்டத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவை கிடைத்திருக்கும். அதற்குப் பிறகுதான் எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும் புரோட்டோகாலில் சர்ச் யார் செய்தது, எங்கே செய்தது என்ற கேள்வியே கனமானது. அமெரிக்க மருத்துவ நூலகர் சங்கம் 2003-ல் நிபுணத்துவத் தேடல் பற்றித் தனியாக ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது.

மருந்து கொடுத்துப் பார்க்கும் எந்த ஆய்வுக்கும் என் பசங்களை முதலில் லைப்ரரிக்குத்தான் அனுப்புகிறேன். எதிக்ஸ் படிவம் அதற்குப் பிறகு.

கோரமங்களா_கோபால்
சார், வருத்தமான விஷயம்தான். ஆனா அது கால் நூற்றாண்டு பழசு. இப்ப எல்லாமே டிஜிட்டல். பழைய பேப்பர் கிடைக்காதுங்கிற பிரச்சினையே இல்லையே?

சாந்திநகர்_610
கிடைக்கும் கோபால் சார். நீங்கள் தேடிய சொல்லில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஏஐ பற்றியும் சொல்கிறேன், எனக்கு அதன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு கருத்துக்கு வேறு என்னென்ன பெயர்கள் உண்டு என்று யோசிக்க நானே பயன்படுத்துகிறேன், நன்றாகத்தான் சொல்கிறது. அது எழுதித் தரும் சர்ச் ஸ்ட்ரிங்கை அப்படியே ஓட்டினால்தான் தொல்லை. மெஷ்ஷில் இல்லாத தலைப்பை மெஷ் தலைப்பு என்று நம்பிக்கையோடு எழுதும். பேப்பர் பட்டியல் கேட்டால் ஆசிரியர் பெயர் சரியாக இருக்கும், ஜர்னல் சரியாக இருக்கும், அப்படி ஒரு பேப்பர் மட்டும் உலகத்தில் இருக்காது. இந்த மாதிரிப் பட்டியலைக் கொண்டு வந்து "மேடம் ஃபுல் டெக்ஸ்ட் எடுத்துக் கொடுங்க" என்று நிற்பவர்கள் இப்போது வாராவாரம் வருகிறார்கள். பேப்பரின் இணைய அடையாள எண்ணான டிஓஐ-யைத் தட்டினால் வேறு எங்கோ போய் நிற்கும்.

இன்னொன்று, ரிவ்யூ என்றால் வேறொருவர் அதே சர்ச்சை ஓட்டி அதே முடிவுக்கு வர முடிய வேண்டும். ரிவ்யூவை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 செக்லிஸ்டில் 27 அம்சங்கள். அதில் ஏழாவது, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஓட்டிய முழு சர்ச்சையும் ஃபில்டர்களோடு அப்படியே கொடு என்கிறது. தேடலை எப்படி எழுதுவது என்பதற்கு மட்டுமே பிரிஸ்மா-எஸ் என்று 16 அம்சங்களோடு தனிப் பட்டியல் 2021-ல் வந்துவிட்டது. இன்று ஒரு பதில், நாளை ஒரு பதில் சொல்லும் பெட்டியை வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதுவீர்கள்? கூகுள் ஸ்காலரிலும் இதே சங்கடம். ஐம்பதாயிரம் முடிவுகள் என்று மேலே காட்டும், ஆயிரத்துக்கு மேல் பார்க்க விடாது.

கோரமங்களா_கோபால்
அந்த ஆயிரம் லிமிட் எனக்குத் தெரியாது. ஸ்க்ரீனிங்குக்காவது ஏஐ ஓகேவா?

சாந்திநகர்_610
தலைப்பு, சுருக்கம் பார்த்து வடிகட்டும்போது எது முதலில் பார்க்கத் தகுந்தது என்று வரிசைப்படுத்த ஓகே. ஒதுக்கும் முடிவை இரண்டு மனிதர்கள் தனித்தனியாக எடுக்கட்டும்.

பழைய_பேரேடு
இழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அல்சூரில் இருக்கிறேன், மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் சொன்ன அச்சு இண்டெக்ஸ் என்பது இண்டெக்ஸ் மெடிகஸ். 1879-ல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கியது, 2004-ல்தான் அச்சு நின்றது. மாதா மாதம் வரும், வருடக் கடைசியில் தொகுத்துத் தடிதடியாக வரும். ஒரு டாக்டருக்குப் பத்து வருடச் சர்ச் என்றால் மேஜை நிறைய வால்யூம்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் தலைப்பைப் பிடித்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். பேப்பர் இங்கே இல்லையென்றால் ரீப்ரிண்ட் கேட்டு ஆசிரியருக்கே அச்சடித்த கார்டு போடுவது வழக்கம். ஹங்கேரியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தபாலில் வந்து சேரும். அந்தத் தபால் தலைக்கு ஒரு சர்ஜன் வீட்டுப் பையன் எங்களிடம் வரிசையில் நிற்பான்.

கரண்ட் கன்டென்ட்ஸ் என்று வாரம் ஒரு குட்டிப் புத்தகம் வரும், ஜர்னல்களின் பொருளடக்கப் பக்கங்கள் மட்டும். வந்த அன்று அதை யார் முதலில் எடுப்பது என்று துறைத் தலைவர்களுக்குள் மனஸ்தாபமே உண்டு.

நூலக அறிவியல் மேதை, சீர்காழிக்காரர் ரங்கநாதன் கடைசிக் காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தார், 1962-ல் டிஆர்டிசி என்ற ஆவணவியல் பயிற்சி மையத்தைத் தொடங்கியதும் இங்கேதான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய நாலாவது விதி. சுவரில் படமாக மாட்டியிருக்கும் கல்லூரிகள் நிறைய. லைப்ரரியன் போஸ்ட்டை நிரப்பாமல் வைத்திருப்பதும் பெரும்பாலும் அதே கல்லூரிகள்.

மடிவாளா_மாறன்
அய்யா கடைசி வரி 😂😂 இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாங்களே, அதையும் சேத்துக்கோங்க.

நெல்லை_பிஜி
அடுத்த கேள்வி. சர்ச் சரியா வந்தாலும் ஃபுல் டெக்ஸ்ட் பாதிக்குப் பாதி பூட்டிக் கிடக்கு. ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் (ஜர்னல்களுக்கு அரசே சந்தா கட்டுற திட்டம்) வந்தாச்சே, எங்களுக்கு ஏன் திறக்க மாட்டேங்குது?

டாக்டர்_வெங்கி
ஏனென்றால் உங்கள் கல்லூரி தனியார். 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது. மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் என்று 6,300 இடங்களுக்கு. நாட்டில் பிஜி படிக்கும் பையன்களில் எத்தனையோ பேர் தனியார் கல்லூரியில்தான் இருக்கிறார்கள், அவர்கள் செய்யும் தீசிஸும் இதே ஜனங்களைப் பற்றித்தான். இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

சாந்திநகர்_610
கர்நாடகாவில் இருப்பதால் ஒரு வழி உண்டு. ஆர்ஜியுஹெச்எஸ் 2003-லேயே ஹெலிநெட் என்ற கூட்டமைப்பைத் தொடங்கிவிட்டது. இணைவு பெற்ற கல்லூரிகள் சேர்ந்து சந்தா கட்டி ஜர்னல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஒரு சின்ன நர்சிங் கல்லூரி தனியாகப் போய்ப் பதிப்பகத்திடம் பேரம் பேச முடியுமா? கூட்டாகப் போனால் பேசலாம். உங்கள் கல்லூரி உறுப்பினரா, உங்களுக்கு ரிமோட் லாகின் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பல பேருக்கு லாகின் இருக்கிறது, இருப்பதே தெரியாது.

அப்புறமும் கிடைக்காததை இப்படித் தேடுவேன். பப்மெட் சென்ட்ரலில் ஆசிரியர் பிரதி இருக்கிறதா பார்ப்பேன். அன்பேவால் நீட்சியை பிரவுசரில் போட்டு வைத்தால் பச்சைப் பூட்டு காட்டும். டெல்லியில் ஏய்ம்ஸ் பக்கத்தில் இருக்கும் தேசிய மருத்துவ நூலகமும், டெல்நெட் வழியான நூலகங்களும் கேட்டால் பிரதி அனுப்பும். கடைசியாக, ஆசிரியருக்கே ஒரு மெயில். பேரேடு அய்யா காலத்துக் கார்டுதான், தபால் தலை மட்டும் வேண்டாம். பெரும்பாலானோர் சந்தோஷமாக அனுப்புகிறார்கள், தன் பேப்பரை ஒருவர் கேட்கிறாரே என்று.

கோரமங்களா_கோபால்
பூட்டின பேப்பரை இலவசமாத் திறக்கிற சை-ஹப்னு ஒண்ணு இருக்கிறதை யாருமே சொல்லலையே 🙂

டாக்டர்_வெங்கி
எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. நியாயம் யார் பக்கம் என்று நாள் முழுக்கப் பேசலாம். ஒரு தீசிஸை அதை நம்பித் திட்டமிடாதீர்கள், அதுவே போதும்.

நெல்லை_பிஜி
சரிங்க சார். இன்னொண்ணு, கைடுகிட்ட "லைப்ரரி மேடத்துக்கிட்ட சர்ச் பண்ணச் சொல்லட்டா"ன்னு கேட்டேன். "பண்ணட்டும், கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டுரலாம்"னார். அது சரியா? இல்ல, பேரப் போடணுமா?

டாக்டர்_வெங்கி
சர்ச் செய்து கொடுத்தது ஒரு சேவை. லேபில் ரத்தம் பரிசோதித்தவர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டவர் எல்லோரையும் ஆத்தர் ஆக்கினால் பட்டியல் எங்கே நிற்கும்? நன்றி போதும் என்பது என் கட்சி.

சாந்திநகர்_610
டாக்டர், உங்கள் மேல் மரியாதை உண்டு, இதில் மட்டும் ஒத்துப்போக முடியாது. ஸ்டாட்டிஸ்டிஷியன் பெயரை நீங்களே போடுகிறீர்கள், போன வருடப் பேப்பர்களை எடுத்துப் பாருங்கள்.

ஒரு பேப்பர் வேண்டும் என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன் என்றால் நன்றி கூட வேண்டாம், அது என் வேலை. ஒரு பிஜி வந்து கேள்வியை அவரோடு உட்கார்ந்து செதுக்கி, நாலு டேட்டாபேஸில் சர்ச்சைக் கட்டி, பரிசோதித்து, டூப்ளிகேட் நீக்கி, மெத்தட்ஸில் தேடல் பகுதியை நானே எழுதி, ரிவ்யூவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் எழுதினால் மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ ஆத்தருக்குச் சொல்லும் நாலு நிபந்தனைகளில் எது பாக்கி? உழைப்பு, எழுத்து, இறுதி ஒப்புதல், பொறுப்பு. இறுதி ஒப்புதலுக்கு டிராஃப்ட்டை எனக்கு அனுப்பாமல் விட்டுவிட்டு "நீங்கள் ஒப்புதல் கொடுக்கவில்லையே" என்பதுதான் நடக்கிறது.

சிஸ்டமாட்டிக் ரிவ்யூவுக்கு அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2011-ல் தரநிலைகள் வெளியிட்டது. பயிற்சி பெற்ற நூலகரோடு சேர்ந்து தேடலைத் திட்டமிடு என்பது அதில் ஒன்று. பொது மருத்துவ ரிவ்யூக்களை எடுத்துப் பார்த்த 2015 ஆய்வு ஒன்றில், நூலகர் கோ-ஆத்தராக இருந்தவற்றில் தேடல் விவரம் மேலான தரத்தில் இருந்தது. நன்றி வரியில் இருப்பவரை எடிட்டர் கேள்வி கேட்க மாட்டார். பெயர் போட்டவர்தான் ராத்திரி உட்கார்ந்து அந்த சர்ச்சை இன்னொரு முறை சரிபார்ப்பார்.

டாக்டர்_வெங்கி
மெத்தட்ஸை எழுதி, ரிவ்யூவருக்கும் பதில் சொன்னால் ஆத்தர்தான், மறுக்கவில்லை. என் பயம் வேறு. எங்கள் இடத்தில் இதை ஒரு கட்டாயமாக்கினால் தேடலைத் தொடாத துறைத் தலைவர் பெயரோடு தேடலைத் தொடாத இன்னொரு பெயரும் ஏறும். பதவி உயர்வுக்குப் பேப்பர் எண்ணுகிறவரை இது தீராது.

சாந்திநகர்_610
அதற்கு வழி, வேலை தொடங்கும் முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்வது. எங்கள் நூலகத்தில் ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம். ஆலோசனை மட்டுமா, முழு சர்ச்சா, பெயர் எங்கே வரும் என்று மூன்று கேள்வி. கைடு கையெழுத்துப் போட்டால்தான் முழு சர்ச். முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

பழைய_பேரேடு
எங்கள் காலத்தில் நன்றி வரியும் கிடையாது. தீபாவளிக்கு மைசூர்பாக் வரும்.

மடிவாளா_மாறன்
ஜர்னல் தேர்வுக்கும் லைப்ரரியில் கேட்கலாமா? என் தங்கச்சிக்குத் தினம் ஒரு மெயில் வருது, "மதிப்பிற்குரிய பேராசிரியரே, 5 நாளில் பிரசுரம்"னு. அவ இன்னும் இன்டர்ன்.

சாந்திநகர்_610
கேட்கலாம், கேட்க வேண்டும். பணம் கட்டும் முன்னால் கேட்க வேண்டும். ஆசிரியர் பதவிக்கு மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், டிஓஏஜே என்று எந்தெந்தப் பட்டியல் செல்லும் என்பதை என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) 2022 விதியில் சொல்லியிருந்தது, 2025-ல் வந்த புது விதியையும் பாருங்கள். "கூகுள் ஸ்காலரில் இருக்கிறோம்" என்பதற்கு அங்கே மதிப்பில்லை. மெட்லைனில் இருப்பதாகச் சொன்னால் என்எல்எம் (அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாகில் அந்த ஜர்னல் பெயரைப் போடுங்கள், இப்போது இண்டெக்ஸ் ஆகிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். யுஜிசி 2025 பிப்ரவரியில் கேர் என்ற தன் ஜர்னல் பட்டியலையும் கைவிட்டுவிட்டது, ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு இனி அவரவர் தலையில். நல்ல ஜர்னலின் பெயரையே வைத்துப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. மெயிலில் வந்த லிங்க்கை அழுத்தாமல் ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ வைத்துத் தேடிப் போங்கள்.

செவிலி_ஜெயநகர்
மேடம், நர்சிங் பிஹெச்டி. இழை முழுக்கப் படிச்சேன். எனக்கு சர்ச் முடிஞ்சது, பப்மெட், சினால் ரெண்டும் சேர்த்து ரய்யான்ல (ஸ்க்ரீனிங் பண்ற தளம்) ஏத்திட்டேன். நானும் ஒரு தோழியும் ஸ்க்ரீன் பண்றோம். அவங்க போட்ட முடிவு எனக்குத் தெரியாம மறைக்க முடியுமா? ப்ராஸ்பெரோவுல (ரிவ்யூத் திட்டத்தை முன்கூட்டியே பதியிற தளம்) இப்பப் பதியலாமா, லேட்டா?

சாந்திநகர்_610
ரய்யானில் 'பிளைண்ட்' என்பதை ஆன் செய்துவிட்டுத்தான் தோழிக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். இரண்டு பேரும் முடித்த பிறகு ஆஃப் செய்தால் முரண்பட்டவை மட்டும் தனியாக நிற்கும். ஏற்றும் முன் டூப்ளிகேட்களை ஸோட்டெரோவில் (பேப்பர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்) நீக்கினீர்களா, ரய்யானிலேயே நீக்கினீர்களா என்று எண்ணிக்கையோடு குறித்து வையுங்கள், ஃப்ளோ டயக்ராமில் அது வேண்டும். ப்ராஸ்பெரோவில் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் தொடங்குவதற்கு முன் பதிந்தாக வேண்டும், நீங்கள் இன்னும் ஸ்க்ரீனிங்கில்தானே இருக்கிறீர்கள். இந்த வாரமே பதிந்துவிடுங்கள், சர்ச் ஓட்டிய தேதியை மட்டும் மாற்றாமல் உள்ளபடி எழுதுங்கள்.

செவிலி_ஜெயநகர்
சினாலில் ஓட்டின தேதி குறிச்சு வைக்கலையே மேடம்.

சாந்திநகர்_610
சினால் ஓடும் எப்ஸ்கோ தளத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்துதான் ஓட்டினீர்கள், சர்ச்சை சேவ் செய்தீர்கள் என்றால் தேதி அங்கே இருக்கும். இல்லையென்றால் இன்றைக்கு மறுபடி ஓட்டி, புதிதாக விழுந்ததையும் ரய்யானில் ஏற்றி, இன்றைய தேதியைப் போடுங்கள்.